எலும்பு எரிந்தது, எழுத்து எஞ்சியது!

உங்கள் வீட்டுச் சிறுவர்களிடம் 'டைனோசர்' என்று ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர்களது கண்கள் விரியும். பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பார்கள். முதுகில் பாய் விரித்த தோணியைப் போன்ற 'ஸ்பைனோசோரஸ்' அவற்றில் கட்டாயம் ஒன்றாக இருக்கும். ஆனால் அந்த விலங்கை உலகுக்கு முதன்முதலில் அறிமுகப்படுத்திய மனிதரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வாசகர்களே, அவரது கதை பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோராகிய நமக்கும் பாடம் தருவது.

பாலைவனத்தில் ஒரு புதையல்

அவர் பெயர் ஏர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர். 1871இல் ஜேர்மனியின் நூரன்பேர்க் நகரில் பிறந்தவர். மியூனிக் நகர நூதனசாலையில் உயிர்ச்சுவடுகளை, அதாவது கல்லாய் மாறிய பண்டைய உயிரினங்களின் எச்சங்களை, ஆராய்ந்து வந்தவர். 1910ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எகிப்துக்கு வந்த அவர், 1911 ஜனவரியில் ஒட்டகங்களுடன் பஹரிய்யா என்னும் பாலைவனச் சோலையை அடைந்தார். கெய்ரோவிலிருந்து தென்மேற்கே 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள இடம் அது.

அவர் தேடிச் சென்றது ஆதிகாலப் பாலூட்டிகளை. கிடைத்ததோ இராட்சத ஊர்வனவற்றின் எலும்புகள்! மறு வருடம், 1912இல், அவருக்காக அங்கு தோண்டிய ரிச்சர்ட் மார்க்கிராஃப் என்பவர் ஒரு விசித்திரமான எலும்புக்கூட்டின் பகுதிகளை வெளியே எடுத்தார். நீண்டு ஒடுங்கிய தாடை, கூம்பு போன்ற பற்கள், முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீண்ட முட்கள். அந்த முட்களில் மிக நீளமானது 1.65 மீற்றர். வளர்ந்த ஒரு மனிதரின் உயரம்! 1915இல் ஸ்ட்ரோமர் அதற்கு 'ஸ்பைனோசோரஸ்' எனப் பெயரிட்டார். முட்பல்லி என்பது அதன் பொருள். சுமார் ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய பாலைவனம் ஆறும் சேறும் நிறைந்த பூமியாக இருந்தபோது வாழ்ந்த உயிரினம் அது.

இதற்கிடையே முதலாம் உலக யுத்தம் மூண்டது. பஹரிய்யாவிலிருந்து வரவேண்டிய ஏனைய பெட்டிகள் எகிப்திலேயே முடங்கின. 1922இல் அவை மியூனிக்கை வந்தடைந்தபோது பல எலும்புகள் நொறுங்கிப் போயிருந்தன. ஸ்ட்ரோமர் மனம் தளரவில்லை. துண்டுகளைப் பொறுமையாகப் பொருத்தினார். ஒவ்வொன்றையும் அளந்தார், வரைவித்தார், எழுதினார். 1930களிலும் அந்தச் சோலையின் புதிய விலங்குகளைப் பற்றி அவர் எழுதிக்கொண்டேயிருந்தார்.

ஒரு கேள்வி மட்டும் அவரை விடவில்லை. ஒரே இடத்தில் இத்தனை பெரிய ஊனுண்ணிகள் வாழ்ந்திருக்கின்றன. அவற்றுக்கு இரையாகத் தாவர உண்ணிகளோ மிகக் குறைவு. அப்படியாயின் இவை எதைத் தின்று வாழ்ந்தன?

கேட்காத காதுகள்

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. வானிலிருந்து குண்டுகள் விழத் தொடங்கியதும், நூதனசாலையின் சேகரிப்புகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுமாறு ஸ்ட்ரோமர் திரும்பத் திரும்ப வேண்டினார். சேகரிப்புக்குப் பொறுப்பாயிருந்த கார்ல் பொய்ர்லன் நாஸிக் கட்சியின் தீவிர ஆதரவாளர். ஸ்ட்ரோமரோ அந்த ஆட்சியை வெறுத்தவர். அவரது வேண்டுகோள் மறுக்கப்பட்டது.

1944 ஏப்ரல் 24ஆம் திகதி இரவு. பிரித்தானிய விமானங்கள் மியூனிக் மீது குண்டு பொழிந்தன. விடிந்தபோது அந்த நூதனசாலைக் கட்டடம் எரிந்து இடிந்து கிடந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாயிருந்த எலும்புகள், மனிதனின் கைக்கு வந்து முப்பத்திரண்டே ஆண்டுகளில் சாம்பலாகிவிட்டன!

துயரம் அத்தோடு நிற்கவில்லை. அந்த யுத்தம் ஸ்ட்ரோமரின் இரு புதல்வர்களின் உயிரையும் பறித்தது. மூன்றாவது மகன் ரஷ்யரிடம் சிறைப்பட்டு, 1950இல்தான் வீடு திரும்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1952இல், முதிய தந்தை கண்மூடினார். தன் ஆயுட்கால உழைப்பு வீணாயிற்று என்று அவர் எண்ணியிருந்தால் நாம் குறை சொல்ல முடியுமா?

ஆனால் வீணாகவில்லை, வாசகர்களே! எலும்புகள்தாம் எரிந்தன. அவர் எழுதியவை உலகின் பல நூலகங்களில் இருந்தன. அளவுகள் இருந்தன, படங்கள் இருந்தன. திரும்பி வந்த மகன் தந்தையின் புகைப்படங்களைப் பேணி வைத்து, 1995இல் மியூனிக் சேகரிப்புக்கே வழங்கினார். அழிந்துபோன அந்த எலும்புகளின் படங்களும் அவற்றுள் இருந்தன!

மீசைக்காரரைத் தேடி

பெர்லினில் பிறந்த ஒரு சிறுவன். ஜேர்மனியும் மொரோக்கோவும் கலந்த குடும்பம். டைனோசர் புத்தகங்களில் மூழ்கி வளர்ந்த அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ஆய்வாளரான நிசார் இப்ராஹீம்.

2008இல் மொரோக்கோவின் அர்ஃபூத் நகரில், மீசை வைத்த ஒருவர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்த சில எலும்புகள் நிசாருக்குக் கிடைத்தன. மறு வருடம் இத்தாலியின் மிலான் நூதனசாலையில் ஒரு ஸ்பைனோசோரஸ் எலும்புக்கூட்டின் பகுதிகளை அவருக்குக் காட்டினார்கள். மொரோக்கோவிலிருந்து வியாபாரிகள் கையால் வெளியேறியவை அவை. பார்த்தவுடன் நிசார் திடுக்கிட்டார். தன்னிடமிருந்த எலும்பும் இவையும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரே விலங்கினுடையவையோ?

எந்த இடத்தில் தோண்டியது என்று தெரியாத எலும்பு, விஞ்ஞானத்துக்கு அரைப் பயனே தரும். ஆகவே 2013இல் நிசார் மீண்டும் அர்ஃபூத் சென்றார். பெயரும் தெரியாது, விலாசமும் தெரியாது. 'மீசை வைத்தவர்' என்பது மட்டுமே அடையாளம்! தேடித் தேடிச் சலித்து, தேநீர்க்கடையொன்றில் நம்பிக்கையிழந்து அமர்ந்திருந்தபோது, அந்த மனிதரே கடையைக் கடந்து நடந்து போனார். பின்னால் ஓடிச் சென்று பேசினார்கள். அவர் தோண்டிய குழியைக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே அதே விலங்கின் மேலும் பல எலும்புகள் கிடைத்தன.

ஸ்ட்ரோமரின் பழைய அளவுகளையும் படங்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, 2014இல் புதிய ஆய்வு வெளியாயிற்று. குட்டையான பின்னங்கால்கள்; பென்குயின்களுக்கு இருப்பது போன்ற அடர்ந்த, கனத்த எலும்பு; பின்தள்ளி அமைந்த நாசித் துவாரங்கள். 2020இல் வாலும் விபரிக்கப்பட்டது. துடுப்பைப் போன்ற அகன்ற வால்! ஸ்ட்ரோமரின் பழைய கேள்விக்கும் விடை தெளிவாயிற்று. இந்த இராட்சதன் நீரை நம்பி, பெரும் மீன்களைத் தின்று வாழ்ந்தது. அது ஆழத்தில் நீந்தி வேட்டையாடியதா, கரையோரம் நின்று கொக்கைப் போல் பிடித்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அந்த எலும்புக்கூடு இன்று மொரோக்கோவின் கஸபிளாங்கா பல்கலைக்கழகச் சேகரிப்புக்கு உரியது.

எகிப்திலும் காலம் மாறிவிட்டது. முன்பு வெளிநாட்டவர் வந்து தோண்டிச் சென்ற மண்ணில், மன்சூரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹிஷாம் ஸல்லாமும் அவரது மாணவ மாணவியரும் தாமே தோண்டுகிறார்கள். அவர்கள் கண்டெடுத்த டைனோசர் 2018இல் 'மன்சூராசோரஸ்' என்ற பெயரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெயிலில் மணலைத் துலாவிய அந்தக் குழுவில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள் என்பது நம் புதல்வியருக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

நமக்குரிய பாடம்

பூமியில் சென்று பார்த்துச் சிந்திக்குமாறு அல்குர்ஆன் நம்மை அழைக்கிறது. பார்ப்பது ஒரு கடமை என்றால், பார்த்ததைப் பேணிக் கொடுப்பதும் ஒரு கடமையல்லவா? அறிவு ஓர் அமானிதம். அதை ஒரே பெட்டியில் பூட்டி வைத்து, எச்சரித்தவனின் சொல்லையும் கேளாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு மியூனிக் சாட்சி. எழுதி, படம் வரைந்து, பலரிடம் பகிர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு ஸ்ட்ரோமரே சாட்சி.

ஆகவே அடுத்த முறை உங்கள் பிள்ளை டைனோசர் படத்தோடு ஓடி வந்தால், 'போய்ப் பாடத்தைப் படி' என்று விரட்டாதீர்கள். அருகே அமர்த்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒரு கொப்பியையும் கையில் கொடுத்து, தான் கண்டதை எழுதி வைக்கப் பழக்குங்கள். அந்த எழுத்து நாளை யாருக்கு உதவும் என்பதை அல்லாஹ்வே அறிவான்!