ஒரு குட்டி நிரலகம் டெபியனுக்குள் நுழையும் வழி

நெய்யூரில் ஒரு மாணவர், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் தன் கணினியில் ‘ரூபி-பேரலல்’ என்ற மென்பொருள் பொதியை நிறுவச் சொன்னால், சில நொடிகளில் வந்துவிடும். மைக்கேல் குரோசர் ரூபி மொழியில் எழுதிய மிகச் சிறிய நிரலகம் அது. ஆயிரம் படங்களைச் சுருக்க வேண்டுமா? வேலையைப் பல இழைகளுக்கோ (த்ரெட்) பல செயல்முறைகளுக்கோ (ப்ராசஸ்) பிரித்துக் கொடுத்து, விடைகளைப் பழைய வரிசையிலேயே திருப்பித் தரும். வழக்கமான ரூபியில் ஒரு நேரத்தில் ஓர் இழைதான் ரூபி நிரலை ஓட்டும். ஆகவே இணையப் பக்கங்களுக்குக் காத்திருக்கும் வேலைக்கு இழைகள். கடும் கணக்குக்குத் தனித்தனிச் செயல்முறைகள்.

நிரல் நன்றாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் டெபியன் அதைச் சேர்த்துக்கொள்ளாது. பொதி கட்டப்போகிறவர் முதலில் பிழைப்பதிவேட்டில் தன் எண்ணத்தை அறிவிக்கிறார். ‘ஜெம்2டெப்’ கருவி வேண்டிய கோப்புகளின் முதல் வடிவைத் தந்துவிடும். சார்புகளைக் ‘கண்ட்ரோல்’ கோப்பிலும், உரிமங்களைக் ‘காப்பிரைட்’ கோப்பிலும் எழுத வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் புதியவர்கள் அவசரமாகத் தாண்டுகிறார்கள். என் கணிப்பில் மிகுந்த கவனம் கேட்பது அதுவே. வேறொருவரின் நிரல் ஒரு மூலையில் ஒட்டியிருந்தாலும் அவர் பெயரும் உரிமமும் அதில் இடம்பெற வேண்டும்.

அடுத்து, இணையத் தொடர்பில்லாத வெற்றுச் சூழலில் பொதியைக் கட்டிப் பார்க்கிறார்கள். ரூபி நிரலகங்கள் பல, தம் கோப்புப் பட்டியலை நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் ‘கிட்’ கட்டளையிடம் கேட்டுப் பெறுபவை. அங்கே கிட் இருக்காது, பட்டியலும் வராது. இழைகளைச் சோதிக்கும்போது இன்னொரு தலைவலி உண்டு. ‘இத்தனை நொடிக்குள் முடிய வேண்டும்’ என்று எழுதிய சோதனை, எழுதியவரின் வேகக் கணினியில் தேறி, மெதுவான கட்டுமானக் கணினியில் தோற்கலாம். அதைத் திருத்தி, மூல ஆசிரியருக்கும் அனுப்புவதே நல்ல வழக்கம். பொதிகளைச் சரிபார்க்கும் ‘லிண்டியன்’ கருவி சொல்லும் குறைகளையும் நீக்கினால், அனுமதி பெற்ற டெபியன் உருவாக்குநர் ஒருவர் கையொப்பமிட்டு ஏற்றுவார். புதிய பொதியை ஒரு குழு படித்துப் பார்த்த பிறகே களஞ்சியம் திறக்கும்.

இந்தியாவில் இந்த வேலை பெரிய அளவில் நடந்திருக்கிறது. கேரளத்தின் பிரவீண் அரிம்பிரத்தொடியில் என்பவர் முன்னின்று, நிரல் திட்டங்களை வைத்துப் பராமரிக்க உதவும் கிட்லேபை டெபியனுக்குள் கொண்டுவந்தபோது, அது சார்ந்திருந்த ஏராளமான ரூபி நிரலகங்களுக்குப் பொதி கட்ட வேண்டியிருந்தது. மாணவர்களும் அதில் கைகொடுத்தார்கள். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர்களின் மினி டெப்கான்ஃப் நடந்தது; செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சியில் கூடியது. சென்னை சி-டாக் நிறுவனத்தின் ‘பாஸ்’ லினக்ஸும் டெபியன்மேல் எழுந்ததுதான்.

குமரி மாவட்டக் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளே, கடைசி ஆண்டு புராஜெக்டை விலைக்கு வாங்காதீர்கள். பராமரிப்பாளர் இல்லாமல் நிற்கும் ஒரு சிறு பொதியை எடுத்துக் கட்டுங்கள். அதன் மாற்றக் குறிப்பேடான சேஞ்ச்லாகில் உங்கள் பெயர் இருக்கும்.