சுடோகுல மாட்டிக்கிட்டீங்களா? 'ஜோடி'யைத் தேடுங்க!

பாதி வரைக்கும் சரசரனு போன சுடோகு, திடீர்னு நகர மறுக்குதா? உடனே ஹின்ட் பட்டனை அழுத்தாதீங்க. குத்துமதிப்பா ஒரு எண்ணைப் போட்டும் பார்க்காதீங்க. அது தப்புனு தெரியவர்றதுக்குள்ள மொத்தக் கட்டமும் குழம்பிடும். 1979-ல அமெரிக்காவுல 'நம்பர் பிளேஸ்'னு அறிமுகமாகி, ஜப்பானுக்குப் போய் 'சுடோகு'வா மாறின இந்தப் புதிருக்கு ஒரே விடைதான். அதனால, யூகத்தைவிட 'நேக்கட் பேர்' உத்தி கைகொடுக்கும்.

முதல்ல, ஆப்ல இருக்கிற பென்சில் குறியைத் தொட்டு, காலிக் கட்டங்கள்ல வரக்கூடிய எண்களைச் சின்னதா குறிச்சுக்கோங்க. ஒரு வரிசையில 2, 5, 7, 9 பாக்கினு வெச்சுக்குவோம். முதல் காலிக் கட்டத்துல 2, 7. இரண்டாவதுலயும் அதே 2, 7. மூன்றாவதுல 2, 5, 7. நான்காவதுல 5, 7, 9.

முதல் ரெண்டுல எது 2, எது 7னு இப்போ தெரியாது. ஆனா, அந்த ரெண்டு எண்களும் அந்த ரெண்டு கட்டங்களைத் தாண்டாது. 2 வேற கட்டத்துக்குப் போனா, இங்கே ரெண்டுலயும் 7தான் மிஞ்சும். ஒரே வரிசையில ரெண்டு 7 வர முடியாதே!

அதனால மற்ற கட்டங்கள்ல 2, 7-ஐ அடிச்சிடுங்க. மூன்றாவதுல 5 மட்டும் மிஞ்சும். அப்போ நான்காவது 9. ஜோடிக் கட்டங்களை நிரப்பாமலேயே ரெண்டு விடை கிடைச்சாச்சு!

இந்த ஜோடி ஒரே 3x3 பெட்டிக்குள்ளேயும் இருந்தா, அந்தப் பெட்டியோட மற்ற கட்டங்கள்லயும் 2, 7-ஐ அடிக்கலாம். ஒரே கவனம்: 2, 7 கூட 2, 7, 9 ஜோடி சேராது. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும்.