மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? கனடாவும் அமெரிக்க ஐக்கிய நாடும்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்துத் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றிக் கொடுப்பவன் என்பனவே அந்நான்கு. இக்காலத்தில் ஐந்தாவது கூறொன்றும் அவற்றோடு வந்து சேர்ந்துளது. செலவை ஏற்பவன் என்பதே அது. ரண சிகிச்சையும், நுண்ணிய கருவிகளும், விலையுயர்ந்த மருந்துகளும் பெருகிய இந்நாளில், அவ்வைந்தாமவன் இல்லையாயின் முன்னைய நான்கும் ஓரிடத்துக் கூடுதலே அரிதாகின்றது. அவன் யாவன் என்னும் வினாவிற்கு அண்டை நாடுகள் இரண்டு முற்றும் வேறுபட்ட விடைகளைத் தந்திருக்கின்றன. அவற்றை ஒப்புநோக்குதலே நம் கருத்து.

கனடாவையும் அமெரிக்க ஐக்கிய நாட்டையும் பிரிக்கும் எல்லை 8,891 கிலோமீட்டர் நீளமுடையது; உலகில் இருநாட்டிடை எல்லைகளுள் இதுவே நெடியது. இருபுறத்தும் பயிலப்படும் வைத்திய சாஸ்திரம் ஒன்றே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருநாட்டிலும் நிலைமையும் ஒன்றாகவே இருந்தது: பொருளுடையோர் தம் பொருளைக் கொடுத்துச் சிகிச்சை பெற்றனர், பொருளிலார் தரும ஆஸ்பத்திரிகளை நாடினர். ஆகவே, இன்று காணும் வேற்றுமை இயற்கையாய் அமைந்ததன்று, மக்கள் செய்துகொண்டதேயாம்.

கனடாவின் கதை, கோதுமை விளையும் சஸ்காச்சுவான் மாகாணத்தில் தொடங்குகின்றது. ஊர்கள் ஒன்றற்கொன்று தொலைவிலுள்ள அச்சமவெளியில் தனித்தொழில் நடத்தி வாழ்தல் வைத்தியர்க்கு அரிதாயிற்று. ஆதலின் குடியானவர்கள் தம்முள் வரி விதித்துக்கொண்டு, ஊருக்கொரு வைத்தியரைச் சம்பளத்திற்கு அமர்த்தத் துணிந்தனர். 1916-ஆம் ஆண்டிலேயே மாகாணச் சட்டமும் அதற்கு இடந்தந்தது. இம்மண்ணிலே 1944-இல் முதன்மந்திரியானவர் டாமி டக்ளஸ் என்பவர். சிறுவயதில் அவர் காலெலும்பில் சீழ்பிடித்துக் காலையே துணிக்கவேண்டிய நிலை நேர்ந்தது. தேர்ந்த ரணவைத்தியர் ஒருவர், தம் மாணாக்கர் கண்டு கற்பதற்கு இசைவதாயின் கட்டணமின்றிச் சிகிச்சை செய்வதாகக் கூறினர், பெற்றோர் இசைந்தனர், கால் பிழைத்தது. ஏழைப் பையனது கால் தற்செயலாய் ஒருவர் இரங்கியதனாலன்றோ தப்பியது, அவ்விரக்கம் கிட்டாத பிள்ளைகளின் கதி யாது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

1947-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று அவரது அரசாங்கம் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1957-இல் மத்திய அரசாங்கம் அத்தகைய திட்டங்களின் செலவில் பங்கேற்கச் சட்டமியற்றியது. அடுத்து, வைத்தியர் கட்டணத்தையும் பொதுப்பணத்தினின்றே கொடுப்பதென்ற சட்டம் 1962 ஜூலை முதல் தேதி சஸ்காச்சுவானில் அமலுக்கு வந்தது. அன்றே அம்மாகாணத்து வைத்தியர் பெரும்பாலோர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்கத்தின் ஊழியராகிவிடுவோம் என்பதே அவர்களது அச்சம். இருபத்து மூன்று நாட்களுக்குப் பின்னர் உடன்படிக்கை ஏற்பட்டது. வைத்தியர் தனித்தொழிலினராகவே இருப்பர். ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய கட்டணத்தை நோயாளியிடம் வாங்காது பொதுநிதியினின்று பெறுவர் என்பது அதன் சாரம். 1966-இல் நாடு முழுமைக்கும் இம்முறை சட்டமாயிற்று. 1984-இல் இயற்றிய கனடா சுகாதாரச் சட்டம் நோயாளியிடம் மேற்கட்டணம் வாங்குதலை விலக்கிற்று.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் தகும். கனடாவில் வைத்தியரெல்லாம் சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று பலர் கருதுகின்றனர், அஃது உண்மையன்று. அங்கே பொதுவாக்கப்பட்டது வைத்தியத் தொழிலன்று, செலவேயாம். நோயாளி தான் விரும்பிய வைத்தியரிடம் செல்லலாம். கணக்கு மட்டும் மாகாண அரசாங்கத்திற்குச் செல்லும்.

இனி, தெற்கு நோக்குவோம். 1929-இல் டெக்ஸாஸ் நாட்டு டல்லாஸ் நகரில் பேய்லர் ஆஸ்பத்திரி, அவ்வூர் ஆசிரியர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. மாதம் 50 சென்ட் செலுத்துவோர்க்கு ஆண்டில் 21 நாள் ஆஸ்பத்திரிச் சிகிச்சை அளிப்பதென்பதே அது. இச்சிறு வித்தினின்று ஆஸ்பத்திரி இன்ஷியூரன்ஸ் என்னும் பெருமரம் கிளைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், சம்பளத்தை உயர்த்தலாகாதென்று அரசாங்கம் கட்டுப்படுத்தியது. ஆயின் இன்ஷியூரன்ஸ் முதலிய சலுகைகளைத் தடுக்கவில்லை. தொழிலாளரைத் தம்பால் இழுக்க விரும்பிய முதலாளிகள் சம்பளத்திற்கு மாறாக இன்ஷியூரன்ஸ் அளிக்கலாயினர். போர் முடிந்தது, பழக்கம் நின்றது. இவ்வாறு ஒருவனது உடல்நலம் அவனது உத்தியோகத்தோடு பிணைக்கப்பட்டது.

1945-இல் ஜனாதிபதி ட்ரூமன் அனைவர்க்கும் உரிய தேசிய இன்ஷியூரன்ஸ் வேண்டுமென்றார். வைத்தியர் சங்கத்தின் கடும் எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. 1965-இல் 65 வயது கடந்தோர்க்கும் வறியோர்க்கும் உரிய இருதிட்டங்கள் சட்டமாயின. ஜனாதிபதி ஜான்சன் அதனில் கையெழுத்திட்டது முதியவரான ட்ரூமன் முன்னிலையிலேயாம். ஆபத்து நிலையில் வருவோரைப் பணமில்லையென்று திருப்பியனுப்பலாகாதென 1986-இல் ஒரு சட்டமும், இன்ஷியூரன்ஸ் இல்லாதார் தொகையைக் குறைக்க 2010-இல் மற்றொன்றும் வந்தன. அவ்வளவிருந்தும் 2023-இல் ஏறக்குறைய 2 கோடி 60 இலட்சம் பேர் எவ்வித இன்ஷியூரன்ஸும் இன்றியே இருந்தனர். ஆபத்து நிலையில் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். ஆனால் பின்னர் வீடு தேடிக் கணக்குச் சீட்டும் வரும்.

நிற்க. இருமுறைகளின் குணதோஷங்களை அறிய விரும்புவோர் அந்நெடிய எல்லையில் நின்று, எவர் எதன்பொருட்டுக் கடக்கின்றனர் என்று நோக்குவாராக. நீரிழிவு நோய்க்கு உயிர்மருந்தாகிய இன்சுலின் 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர்கள் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டனர். சுமார் ஒரு நூற்றாண்டு கழித்து, 2019-இல், அம்மருந்தைத் தம் நாட்டு விலைக்கு வாங்கவியலாத அமெரிக்க நோயாளிகள் கூட்டமாக வண்டியேறி, விலை குறைந்த கனடாவிற்கு வந்து வாங்கிச் சென்றனர்.

இனி, மறுதிசையில் கடப்போரையும் காண்க. 2023-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், புற்றுநோயாளிகள் கதிர்ச் சிகிச்சைக்கு நெடுநாள் காத்திருப்பது கண்டு, அவர்களுள் சிலரை அரசாங்கச் செலவிலேயே எல்லைக்கப்பாலுள்ள பெல்லிங்ஹாம் நகருக்கு அனுப்பலாயிற்று. இடுப்பெலும்பு, கண்புரை முதலிய சிகிச்சைகளுக்கும் கனடாவினர் பல மாதம் காத்திருத்தல் உண்டு. காத்திருப்போர் பட்டியலில் இடம் பெறுதல் சிகிச்சை பெறுதலாகாது என்ற கருத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் சிலர் 2005-இல் வெளியிட்டனர். அன்றியும் பல்வைத்தியம், ஆஸ்பத்திரிக்குப் புறத்தே வாங்கும் மருந்து ஆகியவற்றின் செலவு அத்திட்டத்தில் தொடக்கமுதல் சேரவில்லை. அக்குறையை நிரப்பும் முயற்சிகள் அண்மையிலேதான் தொடங்கின.

ஆகவே தெற்கிலிருந்து வருவோன் பணமின்மையாலும், வடக்கிலிருந்து செல்வோன் பொழுதின்மையாலும் கடக்கின்றான். விலையில்லாத மருத்துவம் எங்குமில்லை; ஓரிடத்தில் விலை காசு, மற்றோரிடத்தில் விலை காலம்.

ஆயின் இவ்விரண்டும் சமமென்று கூறிக் கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது. அமெரிக்க ஐக்கிய நாடு தன் வருமானத்தில் நூற்றுக்குப் பதினேழுக்கு மேற்பட்ட பங்கினை மருத்துவத்திற்குச் செலவிடுகின்றது. கனடா செலவிடுவது ஏறக்குறையப் பன்னிரண்டு. 2023-இல் அமெரிக்கர் சராசரி ஆயுள் 78.4 ஆண்டு, கனடாவினரது 81.7. ஆயுட் குறைவுக்குத் துப்பாக்கியும், வாகன விபத்தும், போதை மருந்தும் காரணமாதலின் பழி முழுவதையும் மருத்துவ முறைமேல் ஏற்றலாகாது. எனினும் மிகுதியாகக் கொடுத்தவர் மிகுதியாகப் பெறவில்லை என்பது தெளிவு. பல இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளின் பலவேறு விதிகளுக்கேற்பக் கணக்கெழுதவே ஆஸ்பத்திரிகள் ஏராளமான குமாஸ்தாக்களை வைத்துக்கொள்ள வேண்டியிருத்தல் அதற்கொரு காரணம்.

மேலும், காலத்தை விலையாகக் கேட்கும் வரிசையில் செல்வனும் வறியனும் ஒருங்கே நிற்பர். ஆதலின் அது நீளும்போது நாடு முழுதும் முறையிடும். முறையீடு சட்டசபைக்கு எட்டும். காசை விலையாகக் கேட்குமிடத்தில், கொடுக்கவியலாதவன் வைத்தியசாலைக்கே வாராது வீட்டிலிருந்துவிடுகின்றான். அவனுடைய காத்திருப்பு எப்பட்டியலிலும் ஏறுவதில்லை. அவன் குரல் எவர் செவிக்கும் எட்டுவதில்லை. இவ்வொன்றே கனடாவின் முறையை நாம் மேலெனக் கருதுவதற்குப் போதிய காரணமாம். ஆயினும் வாக்குறுதி மட்டும் நோயைத் தீர்க்காது. போதிய வைத்தியரும் படுக்கையும் கருவியுமில்லாத பொதுமுறை, கதவில்லாத வீட்டுக்குத் திறவுகோல் கொடுப்பதை ஒக்கும்.

நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணவருள் சிலர் வைத்தியராவர். சிலர் கணக்கரும் சட்டமியற்றுவோரும் ஆவர். எல்லோரும் ஒருநாள் நோயாளராவோம். அந்நாளில் வாயிலில் நம்மை முதற்கண் கேட்கும் கேள்வி "உமக்கு என்ன நோய்?" என்பதோ, "உம்மிடம் என்ன உண்டு?" என்பதோ? நாம் உடல்நலத்தோடிருக்கும் இன்றே இதனை எண்ணித் துணிதல் வேண்டும்.