தீப்பெட்டிக்குள் ஒரு பாடம்

கடந்த ஆடியில் எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தீப்பெட்டி ஒன்றைக் கொடுத்தாள். "எங்க அப்பாயி வச்சிருந்த விதை சார். உங்களுக்குத்தான்." அப்பாயி அந்தக் கோடையில்தான் இறந்திருந்தார். என்ன விதை என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

உள்ளே 14 விதைகள். கருப்புப் பொட்டு வைத்த 3 சிவப்பு விதைகளை முதலில் அகற்றினேன். அவை குன்றிமணி, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தெரியாத விதையை வாயில் வைக்கக் கூடாது என்பதே அன்றைய முதல் பாடம்.

மீதி 11 விதைகளும் ஒரே வகை. மாணவர்கள் கைலென்சில் பார்த்து வரைந்தார்கள்: கரும்பழுப்பு நிறம், ஓரத்தில் நீண்ட வெள்ளைத் தழும்பு. "அவரை" என்றனர் பலர். "பூனைக்காலி" என்றான் ஒருவன். நான் முடிவு சொல்லவில்லை. 6 விதைகளைப் பத்திரப்படுத்திவிட்டு, 5 விதைகளை ஓர் இரவு ஊறவைத்து விதைத்தோம்.

மூன்று முளைத்தன. விதையிலைகள் மண்ணுக்கு மேலே வந்தன. பூனைக்காலியில் அவை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். எனவே அவரைக்கே வாய்ப்பு அதிகம் எனக் குறித்துக்கொண்டோம். மார்கழியில் ஊதாப் பூக்களும், சுணையில்லாத தட்டைக் காய்களும் வந்து அதை உறுதி செய்தன.

முதல் காய்களை அம்மாணவியிடமே கொடுத்தேன். மறுநாள் வந்து சொன்னாள்: "அப்பாயி வைக்கிற அவரைக்காய்ப் பொரியல் மாதிரியே இருந்துச்சு சார்."

முற்றிய நெற்றுகளின் விதைகளை இப்போது உறையிலிட்டு வைத்திருக்கிறோம். உறையின்மேல் பெயர், ஊர், சேகரித்த மாதம் மூன்றையும் மாணவர்களே எழுதியிருக்கிறார்கள்.