பிடித்த மீனோடு ஒரு போட்டோ: அந்த 10 விநாடிகளில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் தென்கோடி. அலையாத்திக் காடுகளை ஒட்டி இரண்டு கயாக்குகள் மிதக்கின்றன. ஒன்றில் காசு கொடுத்து மீன்பிடிக்க வந்த விருந்தாளி. இன்னொன்றில் அவரை அழைத்து வந்த கைடு. சில நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு, நம்மூர் கொடுவாவை நினைவுபடுத்தும் ஸ்நூக் மீன் ஒன்று படகோரம் வந்துவிட்டது.

"சீக்கிரம், ஒரு போட்டோ!" என்று விருந்தாளி பரபரக்கிறார். கைடு அசரவில்லை. "மீன் தண்ணியிலேயே இருக்கட்டும். நான் சொன்னப்புறம் தூக்குங்க" என்கிறார்.

இப்படி எவர்கிளேட்ஸில் மட்டுமல்ல, கயாக் மீன்பிடிப் பயணம் நடக்கும் இடங்களில் எல்லாம் தினமும் நடக்கிற காட்சிதான் இது. பார்க்க ஒரு சாதாரண கிளிக். ஆனால் அந்தச் சில விநாடிகளில் விருந்தாளியின் நினைவு, கைடின் பிழைப்பு, மீனின் உயிர் என மூன்றும் ஒன்றாக ஊசலாடுகின்றன. எப்படி?

போட்டோ ஏன் அவ்வளவு முக்கியம்?

மீன் பிடித்தால் குழம்பு வைக்கலாம் என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. இங்கே கதை வேறு. ஃப்ளோரிடாவில் ஸ்நூக் மீனுக்குப் பிடிதடைக் காலம் உண்டு. மற்ற நாட்களிலும் குறிப்பிட்ட நீளத்துக்குள் இருந்தால்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அதைவிடச் சின்னதோ பெரியதோ, திரும்ப விட்டாக வேண்டும். எடுத்துச் செல்ல அனுமதி இருந்தாலும், விட்டுவிடுவதையே விரும்புகிறவர்கள் ஏராளம்.

ஆக, நாள் முழுக்கத் துடுப்பு போட்டு, வெயிலில் காய்ந்து, கடைசியில் கையில் மிஞ்சுவது அந்த ஒரு படம் மட்டும்தான். கைடுக்கும் அதுவே விளம்பரம். முகமெல்லாம் சிரிப்பாக மீனோடு நிற்கும் விருந்தாளியின் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் புக்கிங் செய்கிறார். அதனால்தான் 'இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு' என்று படங்கள் நீள்கின்றன. பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

தண்ணீருக்கு வெளியே மீனுக்கு என்ன ஆகிறது?

மீனின் செவுளில் மெல்லிய இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீரில் அவை விரிந்து நின்று ஆக்சிஜனை உறிஞ்சும். வெளியே எடுத்ததும் அந்த இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் காற்று இருந்தும் மீனால் மூச்சுவிட முடியாது. அதுவும் எப்போது? தூண்டிலோடு போராடிக் களைத்த நேரத்தில். நூறு மீட்டர் ஓட்டம் ஓடி முடித்தவரின் மூக்கையும் வாயையும் பொத்துவது மாதிரி.

இதை 1992இல் வெளியான ஓர் ஆய்வு எண்களில் காட்டியது. ஆய்வகத்தில் ரெயின்போ டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை விரட்டினார்கள். விரட்டியதோடு விட்ட மீன்களில் 12 சதவீதம் இறந்தன. விரட்டிய பிறகு 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதம். இந்தக் கணக்கு எல்லா மீனுக்கும் அப்படியே பொருந்தாது. மீனின் இனம், தண்ணீரின் வெப்பம், போராடிய நேரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆனால் காற்றில் கழியும் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு விலை இருக்கிறது என்பது தெளிவானது.

'நீந்திப் போச்சே, பிழைச்சுடுச்சு' என்றும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பஹாமாஸ் தீவுகளில் போன்ஃபிஷ் மீன்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், விடும்போது நிலைதடுமாறிய மீன்கள் வேட்டை மீன்களுக்கு இரையாகும் வாய்ப்பு, நிமிர்ந்து நீந்தியவற்றைவிட 6 மடங்குக்கும் மேல் இருந்தது. அந்த மீனைக் கொல்வது சுறாதான். ஆனால் அதைத் தடுமாற வைத்தது நம் கையாளுதல்.

இதனால்தான் மீன் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்கள் 10 விநாடியை எல்லையாக வைக்கிறார்கள். கைடுகள் சொல்லித்தரும் எளிய வழி ஒன்றும் உண்டு: மீனைத் தூக்கும்போது உங்கள் மூச்சையும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும் முன்பே மீனை இறக்கிவிடுங்கள்.

தூக்கவே கூடாத மீனும் உண்டா?

உண்டு. டார்பன். ஆளுயரத்துக்கு வளரும், வெள்ளிச் செதில் மீன். ஃப்ளோரிடாவில் 2013 முதல், 40 அங்குலத்துக்கு மேல் நீளமான டார்பனைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது என்பது விதி. சாதனைப் பதிவுக்காகத் தனி அனுமதி அட்டை வாங்கியவர்களுக்கு மட்டும் விலக்கு. காரணம் எளிது. அவ்வளவு எடையுள்ள உடலைத் தாங்கி நிற்பது தண்ணீர். அதை வெளியே தூக்கினால் உள்ளுறுப்புகள் அடிபடலாம்.

அப்போ போட்டோ? இங்கேதான் கயாக் கைகொடுக்கிறது. பெரிய படகில் நிற்பவர் எட்டிக் குனிய வேண்டும். கயாக்கில் இருப்பவரோ, கட்டுமரத்தில் இருப்பதுபோல, ஏறக்குறைய தண்ணீர் மட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மீனின் தலை படகோரம் தண்ணீரில் இருக்க, கைடு தன் கேமராவை நீர்மட்டத்துக்கு இறக்கி எடுத்தால், மனிதரும் மீனும் ஒரே உயரத்தில் தெரிவார்கள். தூக்கிப் பிடித்த படத்தைவிட அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கைடு எப்படி எடுக்கிறார்?

நல்ல கைடின் வேலை மீன் மாட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காலையில் கிளம்பும்போதே விருந்தாளிக்கு மீனைப் பிடிக்கும் விதத்தைச் செய்து காட்டுவார். மீன் கையில் துள்ளும்போது பாடம் நடத்த முடியாதே. அதன் பிறகு வரிசை இதுதான்:

முதலில், மீன் ரப்பர் பூசிய கைவலையில், தண்ணீருக்குள்ளேயே காத்திருக்கும். கொக்கியும் அங்கேயே கழற்றப்படும். கூர்மையான கொக்கியோடு மீனைத் தூக்கினால், ஒரு துள்ளலில் அது விருந்தாளியின் கையில் ஏறிவிடும்.

அடுத்து, ராடு அதன் தாங்கியில் செருகப்படும். கை நனைக்கப்படும். காய்ந்த கையோ, சூடான பிளாஸ்டிக் தளமோ பட்டால், மீனின் உடலைக் காக்கும் வழவழப்பான படலம் உரிந்து, தொற்றுக்கு வழி திறக்கும்.

இந்த இடைவெளியில் கைடு தன் கயாக்கை வெளிச்சப் பக்கமாகக் கொண்டுவருவார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். தொப்பியின் நிழல் முகத்தை மறைக்கும் என்பதால், தொப்பியைச் சற்றுத் தூக்கச் சொல்வார். லென்ஸில் ஒரு துளி உப்புத்தண்ணீர் இருந்தாலும் படம் மங்கிவிடும். அதற்காகவே நீர்புகாப் பையில் காய்ந்த துணி ஒன்று இருக்கும். ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் சரியாக வேலை செய்யாது. அதனால் போனின் வால்யூம் பட்டனே ஷட்டர். வெள்ளி நிற மீன் வெயிலில் கண்ணாடிபோல மின்னும், எனவே வெளிச்சத்தை முன்கூட்டியே ஒரு படி குறைத்து வைப்பார்.

எல்லாம் தயாரான பிறகுதான், "ஒண்ணு... ரெண்டு... மூணு... தூக்குங்க!"

ஒரு கை வாலுக்கு முன்னால், மறு கை வயிற்றுக்குக் கீழே. மீன் படுக்கைவாட்டில், தண்ணீரை ஒட்டியே. நழுவினாலும் தண்ணீரில்தான் விழும். செவுளுக்குள் விரல் போகக் கூடாது. போன் தொடர்ந்து பத்துப் பதினைந்து படங்களைச் சுடும். அவ்வளவுதான், மீன் மறுபடி தண்ணீரில். படம் சரியில்லையா? அது மூச்சு வாங்கட்டும். தெம்பாக இருந்தால் இன்னொரு முறை பார்க்கலாம். சோர்ந்திருந்தால், இல்லை.

படகு கவிழாதா?

கவிழும். கயாக்கில் பலர் தண்ணீரில் விழுவது மீன் இழுக்கும்போது மட்டுமல்ல, மீன் வந்தபின் போஸ் கொடுக்கும்போதும்தான். எடையுள்ள மீனோடு ஒரு பக்கமாகச் சாயும்போது, தலை படகின் விளிம்பைத் தாண்டினால் போச்சு. இடுப்பு நடுவில், தலை இடுப்புக்கு நேர் மேலே என்பதுதான் பாலபாடம். அலை இருந்தால் போஸே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 'போட்டோவுக்கு மட்டும் கழட்டிக்கவா?' என்று கேட்டால், நல்ல கைடு மறுத்துவிடுவார். போனுக்கும் மிதக்கும் பட்டை ஒன்று கட்டியிருக்கும்.

போட்டோ பொய் சொல்லுமா?

கையை நீட்டி மீனை கேமராவுக்கு அருகே கொண்டுவந்தால், ஒரு கிலோ மீன் மூன்று கிலோவாகத் தெரியும். அகலக் கோண லென்ஸ் இதை இன்னும் ஊதிக்காட்டும். ஊரறிந்த தந்திரம்தான். அதனால்தான் கயாக் மீன்பிடிப் போட்டிகளில் வெறும் படம் செல்லாது. அளவுகோல் பொறித்த பலகையில் மீனைக் கிடத்தி, மூடிய வாய் பலகையின் முனையைத் தொட, அந்தப் போட்டிக்கென்று தரப்பட்ட அடையாளக் குறியீடும் தெரிய எடுக்க வேண்டும். நடுவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நீளத்தைக் கணக்கிடுவார்கள். மீன் அப்போதே தண்ணீருக்குத் திரும்பிவிடும்.

ஆனால் பெருமைக்காக எடுத்த படங்களே ஒரு பெரிய உண்மையைச் சொன்ன கதையும் ஃப்ளோரிடாவில் உண்டு. எவர்கிளேட்ஸுக்குத் தெற்கே உள்ள கீ வெஸ்ட் தீவில், 1950களிலிருந்தே வாடகைப் படகில் மீன்பிடிக்கப் போனவர்கள், திரும்பி வந்து துறைமுகத்தில் தங்கள் மீன்களைத் தொங்கவிட்டு படம் எடுத்துக்கொண்டார்கள். லோரன் மெக்ளனகன் என்ற ஆய்வாளர், நூலகத்தில் இருந்த அந்தப் பழைய படங்களையும் 2007இல் தானே எடுத்த படங்களையும் வரிசையாக வைத்து அளந்தார். 2009இல் வெளியான அவரது ஆய்வின்படி, மீன்களின் சராசரி எடை 19.9 கிலோவிலிருந்து 2.3 கிலோவாகச் சரிந்திருந்தது. 1950களின் படங்களில் மனிதரைவிடப் பெரிய களவா மீன்கள். 2007இன் படங்களில் கையளவு மீன்கள். பயணக் கட்டணமோ, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், குறையவே இல்லை. படத்தில் இருப்பவர்களின் சிரிப்பும்தான். முன்பு என்ன இருந்தது என்று தெரியாதவருக்கு, இருப்பதே பெரிதாகத் தெரியும்.

அந்த மீன்கள் பலகையில் தொங்கின. படம் எடுத்தபோதே செத்திருந்தன. இன்று கயாக் கைடு தண்ணீருக்கு அருகே வைத்தே எடுப்பது, அதே போட்டோ அடுத்த தலைமுறைக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

பதிவிடும் முன்

இரண்டு விஷயம். ஒன்று, இடம். பின்னணியில் தெரியும் பாலம், தீவு, கோபுரம் ஆகியவை மீன் கிடைத்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். போனில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், படக்கோப்புக்குள்ளேயே அந்த இடம் பதிவாகியிருக்கும். அடுத்த வாரம் அந்தச் சின்ன ஓடையில் இருபது படகு நிற்கும். அதனால் பல கைடுகள் பின்னணியில் வெறும் வானமும் மரமும் வருகிற மாதிரி எடுக்கிறார்கள்.

இரண்டு, அனுமதி. படத்தில் இருப்பது விருந்தாளியின் முகம். கைடு அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் முன் கேட்பதே முறை. குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கண்டிப்பாக. நீங்கள் விருந்தாளியாகப் போனால், 'போடாதீங்க' என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடலாம்.

சரி, அந்த ஸ்நூக் என்ன ஆனது? ஆறு விநாடி வெளியே இருந்தது. பிறகு விருந்தாளி அதன் வாலை லேசாகப் பிடித்தபடி தண்ணீரில் நிமிர்த்தி வைத்திருந்தார். அது ஒரு உதறு உதறி, முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு, அலையாத்தி வேர்களுக்குள் மறைந்தது. கைடு அப்போதும் ஷட்டரிலிருந்து விரலை எடுக்கவில்லை. மீனே இல்லாத அந்தப் படத்தில், முகம் நனைந்து விருந்தாளி சிரித்துக்கொண்டிருக்கிறார்.