பிழைகளை எண்ணலும் எடையிடலும்: ஜப்பானிய மொழி கற்போரின் எழுத்து மதிப்பீடு

அயன்மொழி கற்போர் எழுதிய கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் இருவேறு பணிகளை ஒருசேரச் செய்கிறார். மாணவருக்கு வழிகாட்டுவது ஒன்று. அவரது திறனுக்கு மதிப்பெண் இடுவது மற்றொன்று. முதற்பணிக்குப் பிழைகளைச் சுட்டுதல் பயன் தரும். இரண்டாவது பணிக்கு அச்சிவப்புக் குறிகளை எண்ணிக் கழித்தல் போதுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இரு மாணவர்கள் ஒரே நிகழ்ச்சியை எழுதுவதாகக் கொள்வோம். முதலாமவர் 'கினோ தோக்யோ எ இகிமஷித்த. தொமொதச்சி நி அய்மஷித்த. எய்க ஒ மிமஷித்த' என மூன்று தனித் தொடர்களை எழுதுகிறார். 'நேற்று டோக்கியோவுக்குச் சென்றேன். நண்பரைச் சந்தித்தேன். திரைப்படம் பார்த்தேன்' என்பது பொருள். இரண்டாமவர் 'கினோ தோக்யோ எ இத்தெ, தொமொதச்சி ஒ அத்தெ, எய்க ஒ மிமஷித்த' என ஒரே தொடராக்குகிறார். முன்னதில் பிழை இல்லை. பின்னதில் ஒன்று உண்டு. 'சந்தித்தல்' எனப் பொருள்படும் 'அவு' என்னும் வினை செயப்படுபொருள் உருபாகிய 'ஒ'வை ஏற்பதில்லை; 'நி' என்னும் உருபையே ஏற்கும். தமிழில் அவ்விடத்து 'ஐ' வருதலின், தமிழ் மாணவரிடம் இப்பிழை எதிர்பார்க்கத்தக்கதே.

பிழைகளை எண்ணுவோர் முதலாமவருக்கே மிகுதியான மதிப்பெண் தருவர். ஆயின் 'தெ' ஈற்று எச்சங்களால் வினைகளைக் கோத்து எழுதும் திறன் இரண்டாமவரிடமே வெளிப்படுகிறது. நம் 'சென்று, சந்தித்து' போன்ற எச்சங்களை ஒத்த இவ்வமைப்பே ஜப்பானிய உரைநடையின் முதுகெலும்பு. முதலாமவர் அதனை அறியாதவரா, பிழைக்கு அஞ்சித் தவிர்த்தவரா என்பதை எண்ணிக்கை காட்டாது. கார்டர் 1967இல் பிழையைக் கற்றல் நிகழ்வதன் சான்றாகக் கொள்ளவேண்டும் என வாதிட்டார். தேர்வறைகளில் அது இன்னும் பெரும்பாலும் தண்டத்திற்குரிய குற்றமாகவே நடத்தப்படுகிறது.

எந்தத் தொடரிலும் பிழையில்லாமல் கட்டுரை முழுவதும் பிழையாதலும் உண்டு. ஜப்பானிய எழுத்தில் தொடரின் ஈறு 'தெஸ்', 'மஸ்' எனப் பணிவு நடையிலோ, 'த', 'தெஅரு' எனப் பொது நடையிலோ அமையும். ஆய்வுரைக்குரியது பின்னது. இரண்டும் இலக்கணத்திற்கு உட்பட்டவை. ஒன்றைத் தேர்ந்தபின் காரணமின்றி மற்றதற்கு மாறுவதே வழு. நம் பேச்சுத்தமிழ்–எழுத்துத்தமிழ் வேறுபாட்டோடு இதனை ஒப்பிடத் தோன்றும்; ஒப்புமை முற்றும் பொருந்தாது. அங்கு இரு நடைகளுமே எழுத்துக்குரியவை. தொடர் தொடராகத் திருத்துபவர் கண்ணுக்கு இவ்வழு தப்பிவிடும். 'வா', 'கா' என்னும் இடைச்சொற்களும் இத்தகையனவே. கேட்போர் அறியாத ஒருவரைக் கதையில் புகுத்துங்கால் 'கா' வரும். அறிமுகமானபின் அவரைப் பற்றிப் பேசுங்கால் 'வா' வரும். முன்பின் தொடர்களை நோக்காமல் இவற்றைச் சரி, தவறு எனத் தீர்ப்பது இயலாது.

மரியாதை சார்ந்த வழு இன்னும் நுட்பமானது. ஆசிரியருக்கு எழுதும் மடலில் 'செய்து கொடுக்கிறேன்' என்னும் பொருளில் 'ஷித்தெ அகெமஸ்' என எழுதினால் இலக்கணம் சரியே. ஆயினும் பெரியவருக்கு உதவி அளிப்பதாகச் சொல்லும் தொனி அதில் உண்டு. உருபுப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வாசகர் இதனால் புண்படக்கூடும். என் கருத்தில், பத்து உருபுப் பிழைகளினும் இவ்வொன்று எடை மிக்கது.

ஆங்கிலத்திற்கென வகுத்த அளவுகோல்களை அப்படியே கொணர்தலும் இடர் தரும். ஜேக்கப்ஸ் குழுவினர் 1981இல் வெளியிட்ட, பலராலும் பின்பற்றப்படும் பகுப்பில் உள்ளடக்கத்திற்கு 30, அமைப்பிற்கு 20, சொல்வளத்திற்கு 20, மொழிப் பயன்பாட்டிற்கு 25, எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி போன்றவற்றிற்கு 5 என நூறு மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டுள்ளன. ஜப்பானியத்தில் எழுத்துமுறை அந்த ஐந்தில் அடங்குமா? 2010இல் திருத்தப்பட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 கான்ஜி எழுத்துகள் உள்ளன. கான்ஜியை அறிதல் பெருமளவுக்குச் சொல்லை அறிதலே. கையால் எழுதுபவர் ஒரு கோட்டை விட்டால் வாசகர் பெரும்பாலும் பொருளை ஊகித்துக்கொள்வார். கணிப்பொறியில் 'கிகய்' என ஒலிப்படி உள்ளிட்டு, 'வாய்ப்பு' என்பதற்குரிய கான்ஜிக்கு மாறாக 'இயந்திரம்' என்பதற்குரியதைத் தேர்ந்துவிட்டாலோ எழுத்து வடிவில் குறையிராது, சொல்லே வேறாகிவிடும். கையெழுத்துத் தாளுக்கும் தட்டச்சுத் தாளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாமைக்கு இது ஒரு காரணம்.

சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் நடைபெறும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கி, 2010 முதல் ஐந்து நிலைகளாக உள்ளது. கட்டுரை எழுதும் பகுதி அதில் இல்லை. தேர்வில் இல்லாதது வகுப்பிலும் சுருங்கிவிடுகிறது. மிக உயர்ந்த நிலையில் தேறியவர் ஒரு பக்கக் கட்டுரை எழுதத் தடுமாறுவதில் வியப்பில்லை. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் அயல்நாட்டு மாணவர்க்கு 2002 முதல் நடத்தப்படும் தேர்விலோ 400 முதல் 500 எழுத்துகளுக்குள் கட்டுரை எழுதும் பகுதி உண்டு; காலம் 30 நிமிடம், மதிப்பெண் 50. கருத்தும் அதற்கான ஆதாரமும், அமைப்பு, வெளிப்பாடு ஆகியவற்றைச் சேர்த்து நோக்கியே அங்கு நிலை வரையறுக்கப்படுகிறது. இம்முறை வரவேற்கத்தக்கது.

பிழையை எடையிட, மாணவர் சொல்ல நினைத்தது யாது என அறிதல் இன்றியமையாதது. ஜப்பானிய தேசிய மொழி ஆய்வு நிறுவனம் தொகுத்த கட்டுரைத் தரவுத்தளம் ஒன்றில், மாணவரின் ஜப்பானியக் கட்டுரையோடு அவரே தம் தாய்மொழியில் எழுதிய வடிவமும் இணைக்கப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்பாளர் இங்கு மதிப்பீட்டாளருக்குத் துணையாகிறார். அந்நிறுவனம் 2020இல் நிறைவுசெய்த மற்றொரு தரவகம் பன்னிரண்டு தாய்மொழிகளைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆயிரம் கற்போரின் பேச்சையும் எழுத்தையும் கொண்டது. அப்பன்னிரண்டில் இந்திய மொழி எதுவும் இல்லை. 'நண்பரைச் சந்தித்து' என்பதன் சாயல் ஜப்பானியத் தொடரில் எங்கெங்கு படிகிறது என்பதைக் காட்ட, தமிழ் மாணவர்கள் இரு மொழியிலும் எழுதிய கட்டுரைகளை நாமே திரட்டவேண்டியுள்ளது. ஒரு கல்லூரி வகுப்பின் ஓராண்டுக் கட்டுரைகளைக் கொண்டே இதனைத் தொடங்கலாம்.