ஆசைக் கார் எந்த வயதில்?



கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குக் கார் என்பது புதுமைப் பொருள் அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு, வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பிள்ளைகளின் பள்ளி வேறோரிடம் என்றாகிவிட்டது. ஆகவே காடி இல்லாமல் காரியம் நடப்பதில்லை. ஆனால் இன்று நான் பேசப்போவது அந்தத் தேவைக் காரைப் பற்றி அன்று. ஆசைக் காரைப் பற்றி. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்கிறோமே, அதை மனிதர் எந்த வயதில், எந்தச் சூழ்நிலையில் வாங்குகிறார்கள்? வாங்கிய பின் என்ன ஆகிறது? இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன? சாதாரணக் கார் குடும்பத்தைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவரின் மகிழ்ச்சிக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலும் இரண்டே கதவுகள், தாழ்ந்த கூரை, வலுவான இயந்திரம், பின்னால் ஆள் உட்கார இடம் குறைவு, அல்லது இடமே இல்லை. அதாவது, இந்தக் காரின் அமைப்பிலேயே ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது: "உன்னோடு எத்தனை பேர் வருகிறார்கள்?"

ஜெர்மானியப் பொறியியலாளர் பெரி போர்ஷே தம் பெயர் தாங்கிய முதல் காரை 1948ஆம் ஆண்டில் உருவாக்கியபோது அவருக்கு வயது 38. தாம் விரும்பிய கார் சந்தையில் இல்லாததால் தாமே அதைச் செய்துகொண்டார். அமெரிக்காவில் 1964இல் போர்டு நிறுவனம் மஸ்டாங் காரை இளைஞர்களை மனத்தில் வைத்து, அவர்கள் கைக்கு எட்டும் விலையில் வெளியிட்டது. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989இல் எம்.எக்ஸ்.-5 என்னும் சிறிய இருவர் காரைக் கொண்டுவந்தது. அளவான விலையில் இந்த ஆசையை நிறைவேற்ற முடியும் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

நம் நாட்டிலும் இந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. ஷா ஆலம் வட்டாரத்தில், பத்து தீகாவில், 1968இல் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. பந்தய நாள்களில் சுற்று வட்டாரம் எங்கும் இயந்திர ஓசை எழும். 2003இல் அத்திடல் மூடப்பட்டு, நிலம் வீடமைப்புக்குப் போயிற்று. அதற்கு முன்பே, 1999இல், சிப்பாங் பந்தயத் திடல் எழுந்துவிட்டது. அவ்வாண்டு முதல் 2017 வரை பார்முலா ஒன் பந்தயம் அங்கே நடைபெற்றது. 1985 ஜூலை மாதம் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. பலருக்கு முதன்முதலாகச் சொந்தக் கார் என்பது கைகூடிய காலம் அது. 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியது. அந்த உறவில் விளைந்த சத்ரியா ஜி.டி.ஐ. என்னும் சிறிய கார் நம் இளைஞர் பலரின் கனவாக இருந்தது. 2017இல் லோட்டஸ் வேறு கைக்கு மாறிற்று. 2002ஆம் ஆண்டில் நம் நாட்டு வீரர் கரம்ஜித் சிங், புரோட்டோன் பெர்ட் காரை ஓட்டி உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார்.

சரி, இப்போது வயதுக்கு வருவோம்.

ஆசைக் காரை வாங்க மூன்று கதவுகள் திறக்க வேண்டும். ஒன்று ஆசை, மற்றொன்று பணம், மூன்றாவது பொறுப்பிலிருந்து ஓய்வு. இம்மூன்றும் ஒரே நேரத்தில் திறப்பது அரிது. இதுதான் இந்தப் பொருளின் சாரம்.

இருபது வயதில் ஆசை நிறைய இருக்கிறது. பொறுப்பு குறைவு. பணம்தான் இல்லை. முப்பதைத் தாண்டினால் பணம் சிறிது சேர்கிறது. ஆனால் அதற்குள் திருமணம், வீட்டுக் கடன், குழந்தையின் பால் மாவு எல்லாம் சேர்ந்து வந்துவிடுகின்றன. இரு கதவுக் காரில் குழந்தையை எங்கே படுக்க வைப்பது? நாற்பதில் பிள்ளைகளின் படிப்பு. ஐம்பதைக் கடந்து, கடைசிப் பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு பொறுப்பின் கதவு மெல்லத் திறக்கிறது. அதே வேளையில் சேமநிதிப் பணமும் கைக்கு வருகிறது. அப்போது சிலர், முப்பது ஆண்டுகளுக்கு முன் சுவரில் ஒட்டி வைத்த படத்தை நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே இந்தக் காரை வாங்குவோர் பெரும்பாலும் இரண்டு கரைகளில் நிற்கிறார்கள். ஒரு கரையில் இளைஞர். மறு கரையில் பிள்ளைகளைக் கரையேற்றிய பெற்றோர். இரு கரையிலும் ஆபத்து உண்டு. ஆனால் அந்த ஆபத்து ஒரே வகையானதன்று.

இளைஞரை முதலில் பார்ப்போம். நம் நாட்டில் 17 வயதில் கார் ஓட்டும் உரிமம் பெறலாம். முதல் இரண்டு ஆண்டுகள் 'பி' உரிமம். 18 வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தகுதி வந்துவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகாத பையனுக்குச் சம்பளச் சீட்டு மட்டும் போதாமல் போகலாம். அப்போது அம்மாவையோ மாமாவையோ ஜாமீன் கையெழுத்துக்கு அழைக்கிறான். "சும்மா ஒரு கையெழுத்துதான் அம்மா" என்கிறான். அந்தக் கையெழுத்து சும்மா அன்று. மகன் கட்டாவிட்டால் அந்தக் கடனை நான் கட்டுகிறேன் என்பதே அதன் பொருள். சொந்த உபயோகத்திற்கான காருக்கு ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது உண்மை. ஆனால் கடன் கடனாகவே நிற்கும். திவால் ஆவதிலிருந்துதான் சட்டம் காப்பாற்றுகிறது. கட்ட வேண்டிய பொறுப்பிலிருந்து அன்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 60,000 வெள்ளிக் கடன். நெடுங்காலமாக இந்நாட்டில் வழங்கிவந்த நிலையான வட்டி முறையில் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் கட்டினால் வட்டி 10,500 வெள்ளி. மாதத் தவணை 1,175 வெள்ளி. ஒன்பது ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 731 வெள்ளிதான். பார்ப்பதற்கு இலகுவாக இருக்கிறது. ஆனால் வட்டி 18,900 வெள்ளியாக ஏறிவிடுகிறது. மேலும், கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் தொடக்கத் தொகைக்கே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி 3.5 அன்று; ஆறேகால் விழுக்காட்டுக்கும் மேல். 22 வயதில் கையெழுத்திட்டவன் 31 வயது வரை கட்டுவான். அவன் திருமணத்திற்கும் வீட்டின் முன்பணத்திற்கும் சேர்க்க வேண்டிய ஆண்டுகள் அவைதாம்.

தவணையோடு செலவு முடிவதில்லை. தீபகற்ப மலேசியாவில் பெட்ரோலில் ஓடும் தனியார் காரின் சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. 1000 சி.சி. வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. 1600 சி.சி. என்றால் 90 வெள்ளி. 2000 சி.சி. என்றால் 380 வெள்ளி. 3000 சி.சி. என்றால் 2,130 வெள்ளி. 4000 சி.சி.யானால் 6,630 வெள்ளி! இயந்திரம் நான்கு மடங்கு பெரிதானால் வரி முந்நூறு மடங்குக்கு மேல் பெருகுகிறது. இறக்குமதிக் கார்களின் விலையும் இப்படித்தான். இறக்குமதி வரி, 60 முதல் 105 விழுக்காடு வரையிலான கலால் வரி, விற்பனை வரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஜப்பானிலிருந்து வரும் 'ரீகண்ட்' கார்களை நம்மவர் நாடுவதற்கு இதுவே காரணம்.

காப்புறுதியிலும் வயதின் பங்கு இருக்கிறது. இழப்பீடு கோராமல் ஓராண்டு ஓட்டினால் 25 விழுக்காடு கழிவு. அது படிப்படியாக உயர்ந்து, ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காட்டை எட்டும். முதல் காராகவே வலுவான காரை வாங்குகிற இளைஞனுக்கு இந்தக் கழிவு ஒரு காசும் இல்லை. சிறிய காரை ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக ஓட்டியவருக்கோ பாதிக்கு மேல் மிச்சம். பொறுமைக்குக் கிடைக்கும் கூலி என்றே இதைச் சொல்லலாம்.

தவணை கட்ட முடியாமல் போனால் என்ன நடக்கும்? 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் நமக்குச் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. கடன் முடியும் வரை கார் சட்டப்படி நிதி நிறுவனத்தின் உடைமை. எனினும், அடுத்தடுத்து இரண்டு தவணைகள் தவறிய பிறகே அவர்கள் காரை எடுக்க முயலலாம். அதற்கும் 21 நாள் கால அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மொத்தத் தொகையில் முக்கால் பங்கு, அதாவது 75 விழுக்காடு, கட்டப்பட்டுவிட்டால் நீதிமன்ற ஆணையின்றி எடுக்க முடியாது. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், நான்கு தவணைகள் தவறிய பின்னரே கைவைக்கலாம். இந்த விவரம் தெரியாமல், இரவில் வந்த ஆட்களிடம் பயந்து சாவியைக் கொடுத்தவர்கள் உண்டு. தெரிந்துகொள்ளுங்கள், பிறருக்கும் சொல்லுங்கள்.

அதே வேளையில், கார் போனால் கடனும் போயிற்று என்று எண்ண வேண்டாம். காரை ஏலத்தில் விற்று வந்த பணம் கடனுக்குப் போதாவிட்டால், மீதியைக் கட்டும் பொறுப்பு வாங்கியவருக்கே. இரண்டாவது தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் போய்ப் பேசுவது நல்லது. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இதற்கு இலவசமாக உதவுகிறது.

இனி மறு கரைக்கு வருவோம். ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தோட்டத்துப் பாட்டாளி முதல் அலுவலக அதிகாரி வரை மாதாமாதம் சேர்ந்த பணம், 55 வயதில் முழுவதுமாக எடுக்கக்கூடிய நிலைக்கு வருகிறது. வாழ்நாளில் இவ்வளவு பெரிய தொகையைப் பலர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். தோட்டம் மூடப்பட்டு இழப்பீடு கிடைத்தவர்களுக்கும் இதே நிலைதான். பணம் வந்த செய்தி வீட்டுக்குள் பரவியதும், மகனும் மருமகனும் கார் படத்தோடு வருவார்கள். சில வேளை ஆசை அப்பாவுக்கே இருக்கும். அதில் தவறில்லை. நாற்பது ஆண்டுகள் பிறருக்காகவே உழைத்தவருக்குத் தனக்கென ஒன்று வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சேமநிதியில் 150,000 வெள்ளி இருக்கிறது. மாதச் செலவு 1,500 வெள்ளி. லாப ஈவை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தப் பணம் 100 மாதங்களுக்கு, அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல் வரும். அதில் 120,000 வெள்ளிக்குக் கார் வாங்கினால், மிஞ்சிய 30,000 வெள்ளி 20 மாதங்களில் தீர்ந்துவிடும். இளைஞன் தவறு செய்தால் அதைச் சரிசெய்ய அவனுக்கு முப்பது ஆண்டுச் சம்பளம் முன்னால் இருக்கிறது. 55 வயதில் செலவான சேமநிதி மீண்டும் வராது. இரு கரைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அப்படியானால் ஆசையைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தமிழ்த் திரை நடிகர் அஜித் குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இலும் 2010இலும் பந்தயங்களில் ஓட்டியவர், நெடு இடைவெளிக்குப் பிறகு தம் 53ஆம் வயதில், 2025 ஜனவரியில், துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தம் குழுவோடு கலந்துகொண்டார். அவருடைய குழு தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அவருடைய வசதி நமக்கில்லை என்பது உண்மை. ஆனால் ஆசை வயதாவதால் செத்துப்போவதில்லை என்பதற்கும், திறமையைப் பந்தயத் திடலில்தான் காட்ட வேண்டும் என்பதற்கும் அவர் ஒரு சான்று. கூட்டரசு நெடுஞ்சாலை பந்தயத் திடல் அன்று. 250 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய கார்கூட, மாலை ஆறு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மற்ற கார்களோடு ஊர்ந்துதான் போக வேண்டும்.

ஆசைக் காரை வாங்க எண்ணுவோர், எந்த வயதினராயினும், நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி விடை காணட்டும். ஆறு மாதம் வேலை இல்லாவிட்டால் தவணையை யார் கட்டுவது? தவணை, சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல், டயர் எல்லாம் சேர்ந்து மாதம் எவ்வளவு? இந்தக் காருக்காக வீட்டில் யாருடைய எந்தத் தேவை தள்ளிப்போகிறது? புதிய காருக்குப் பதிலாக, பழையதானாலும் நன்கு பேணப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் காரை ரொக்கமாக வாங்கினால் ஆசை தீருமா?

மூன்றாவது கேள்விக்கு விடையை நீங்களே எழுதிவிடாதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நான்கிற்கும் நேரான விடை கிடைத்தால், வயது இருபத்தெட்டானாலும் அறுபதானாலும், மனநிறைவோடு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்து அடுத்த ஆண்டு மீண்டும் எடுத்துப் பாருங்கள். காத்திருந்து வாங்கிய காரில் ஏறும்போது பக்கத்து இருக்கையில் அமர்பவரும் சிரித்த முகத்தோடு அமர்வார்.